பன்னிரண்டு வயது எப்போது முடிகிறது? சிறுவர் பேஸ்பால், சாஃப்ட்பாலின் வயதுக் கோடுகள்

மார்ச் 31-ம் தேதி போட்ட பில் இந்த வருடக் கணக்கு. ஏப்ரல் 1-ம் தேதி போட்ட பில் அடுத்த வருடக் கணக்கு. பி.காம். சேர்ந்த எல்லோருக்கும் இது ஆரம்பப் பாடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ராத்திரிதான் வித்தியாசம் என்றாலும் புத்தகத்தில் வேறு வேறு வருடம். அதனால் பில்லுக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. இதே வேலையைக் குழந்தைகளின் பிறந்த தேதியை வைத்துச் செய்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பாலில் பல தலைமுறைகளாக நடப்பது இதுதான். எந்த வயதுப் பையன் எந்தப் பிரிவில் ஆடலாம், எந்த அணியில் சேரலாம், பெண் பிள்ளைகள் எங்கே போக வேண்டும் என்று கோடு மேல் கோடு போட்டு வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அந்தக் கோட்டால் வெளியே நிறுத்தப்பட்ட ஒரு குழந்தையும் இருக்கிறது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் சில வரிகள். மைதானத்தின் நடுவில் வைரம் போன்ற ஒரு சதுரம். நான்கு மூலைகளில் நான்கு பேஸ். பிட்சர், அதாவது பந்து வீசுபவர், தரையில் குத்தாமல் நேராக வீசுவார். அடித்தவர் பேஸ் பேஸாக ஓடி நான்கையும் சுற்றி வந்தால் ஒரு ரன். பெரியவர்கள் ஆட்டத்தில் ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 90 அடி. பிட்சர் நிற்பது 60 அடி 6 அங்குலத் தூரத்தில். 1893-லிருந்து இந்தத் தூரம் மாறவில்லை. சாஃப்ட்பால் இதன் தங்கை. 1887-ல் சிகாகோ நகரத்தில் கட்டடத்துக்குள் ஆடும் விளையாட்டாகப் பிறந்தது. பந்து பெரியது, மைதானம் சிறியது, கையைக் கீழிருந்து சுழற்றி வீச வேண்டும்.

பெரியவர்கள் மைதானத்தில் சின்னப் பையன்கள்

முதலில் பதின்வயதுப் பையன்களுக்கு மட்டும்தான் முறையான ஏற்பாடு இருந்தது. முன்னாள் போர்வீரர்களின் அமைப்பான அமெரிக்கன் லீஜன் 1925-ல் தெற்கு டகோடா மாநிலத்தின் மில்பேங்க் என்ற சிற்றூரில் இளையோர் பேஸ்பாலைத் தொடங்க முடிவு செய்தது. அதைவிடச் சின்னவர்கள் என்ன செய்வார்கள்? தெருவிலும் காலி மனையிலும் ஆடிக்கொள்ள வேண்டியதுதான். பெரிய பையன்கள் வந்தால் ஓரமாக ஒதுங்க வேண்டும்.

பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் 1938-ல் தன் சகோதரி மகன்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது இதைப் பற்றி யோசித்தார். சின்னப் பையன்களுக்கு ஏற்ற அளவில் ஒரு மைதானம், அவர்களுக்கென்றே சீருடை, அவர்களுக்கென்றே ஒரு லீக். ஊர்ப் பையன்களைக் கூட்டி வந்து ஓடவிட்டு, வீசவிட்டு, தூரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். ஓடுகிறவனும் பந்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பேஸை அடைய வேண்டும். அப்போதுதான் ஆட்டத்தில் சுவாரசியம். கடைசியில் பேஸ்களுக்கு நடுவே 60 அடி என்று முடிவானது.

90 எங்கே, 60 எங்கே! சதுரத்தின் பரப்பைப் போட்டுப் பாருங்கள்: ஒன்று 8,100 சதுர அடி, மற்றொன்று 3,600 சதுர அடி. பெரியவர்கள் ஆடுவது இரண்டேகால் மடங்கு பெரிய இடம். பத்து வயதுப் பையனை அங்கே நிறுத்தினால் அவன் பந்தைத் துரத்திக்கொண்டே இருப்பான், யாரையும் அவுட் ஆக்க முடியாது.

1939 ஜூன் 6 அன்று முதல் ஆட்டம். லண்டி லம்பர் என்ற மரக்கடை அணி 23-8 என்ற கணக்கில் லைகமிங் டெய்ரி என்ற பால்பண்ணை அணியை வென்றது. மூன்றாவது அணி ஜம்போ பிரெட்செல். மூன்று அணிகளின் பெயரும் ஆதரவளித்த உள்ளூர் நிறுவனங்களின் பெயர்தான். இப்படிப் பிறந்ததுதான் லிட்டில் லீக். உச்ச வயது 12. 1946-ல் 12 லீக்குகள், எல்லாம் பென்சில்வேனியாவிலேயே. 1949-ல் 307. அதற்கு முன்பே, 1947-ல், தேசிய அளவிலான முதல் போட்டி நடந்து வில்லியம்ஸ்போர்ட்டின் மேனார்ட் மிட்ஜெட்ஸ் அணி வென்றிருந்தது. இதுவே பிறகு லிட்டில் லீக் உலகத் தொடர் என்று பெயர் பெற்றது.

இந்த வளர்ச்சி ஸ்டாட்ஸுக்கே பிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஊர்ப் பையன்கள் ஊருக்குள் ஆட வேண்டும் என்று தொடங்கியவர் அவர். பெரிய நிறுவனத்தின் பணமும் தேசியப் போட்டியின் பரபரப்பும் வந்தபோது நிர்வாகத்தோடு மோதி, 1955-ல் வழக்கு வரை போய், கடைசியில் தான் உண்டாக்கிய அமைப்பிலிருந்தே வெளியேறினார். அதன் பிறகு அதே ஊரில் ஒரிஜினல் லீக் என்ற பெயரில் தனியாக ஒரு சிறு லீக் நடந்தது.

பதின்மூன்று ஆனவுடன் எங்கே போவது?

ஒரு கோடு போட்டால் அடுத்த கேள்வி உடனே வரும். 12 முடிந்த பையன் என்ன செய்வான்? நேற்று வரை 60 அடி ஓடியவன் இன்று 90 அடி ஓட வேண்டும். உடம்போ நேற்று இருந்த அதே உடம்பு.

1951-ல் இரண்டு பதில்கள் வந்தன. பென்சில்வேனியாவின் வாஷிங்டன் என்ற ஊரில் போனி லீக் 13, 14 வயதுக்காரர்களுக்காகத் தொடங்கியது. நியூ ஜெர்சியின் ஹாமில்டன் டவுன்ஷிப்பில் 'லிட்டில் பிக்கர் லீக்' தொடங்கியது. இதுவே 1954-ல் புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயரால் பேப் ரூத் லீக் ஆனது. 13 முதல் 15 வரை என்பது அதன் கணக்கு.

போனி அமைப்பு பிறகு கீழும் மேலும் விரிந்தபோது ஒரு அழகான வேலை செய்தது. போனி என்றால் மட்டக்குதிரை அல்லவா? எல்லாப் பிரிவுக்கும் குதிரைப் பெயராகவே வைத்துவிட்டார்கள். 5-6 வயது ஷெட்லாண்ட், 7-8 பின்டோ, 9-10 மஸ்டாங், 11-12 பிரான்கோ, 13-14 போனி, 15-16 கோல்ட், 17-18 பாலமினோ. பெயர் விளையாட்டாக இருந்தாலும் உள்ளே இருக்கும் யோசனை உறுதியானது. இரண்டு இரண்டு வயதாக ஏறும் படிக்கட்டு, படி ஏற ஏற மைதானமும் வளரும். மஸ்டாங்கில் பேஸ் தூரம் 60 அடி, பிரான்கோவில் 70, போனியில் 80, கோல்ட்டில் 90. இந்த முறையில் ஒரு குழந்தை ஒரு வருடம் பிரிவின் சின்னவனாக இருந்தால் மறு வருடம் பெரியவனாகிவிடுவான். அடி வாங்குவதும் அடி கொடுப்பதும் மாறி மாறி வரும்.

லிட்டில் லீக்கும் சும்மா இருக்கவில்லை. 1961-ல் சீனியர் பிரிவு, 1968-ல் பிக் லீக் பிரிவு என்று மேலே அடுக்கிக்கொண்டே போனது. ஆனாலும் 60 அடியிலிருந்து 90 அடிக்குத் தாவும் பள்ளம் வெகுகாலம் அப்படியே இருந்தது. 2013-ல்தான் 50/70 என்ற இடைநிலைப் பிரிவு முறையாக வந்தது. பிட்சருக்கு 50 அடி, பேஸுக்கு 70 அடி, 11 முதல் 13 வயது. போனி கட்டிய படிக்கட்டின் நடுப்படியை இவர்கள் பல பத்தாண்டுகள் கழித்துக் கட்டினார்கள் என்று சொல்லலாம். மறுபக்கம், பதின்வயதின் கடைசியில் இருப்பவர்களுக்கான பிக் லீக் பிரிவு 2016-க்குப் பிறகு மூடப்பட்டது.

எந்தப் பையன் எந்த அணிக்கு?

வயது சரி. ஒரே வயதில் நூறு பேர் வந்து நின்றால்? இங்கேதான் கணக்குப் படிப்பவனுக்கு ஆர்வம் கூடுகிறது.

லிட்டில் லீக்கின் உள்ளூர் லீக்குகளில் சேர்க்கை பொதுவாக இப்படி நடக்கும். பருவம் தொடங்கும் முன் ஒரு நாள் தேர்வு. பையன்கள் எண் குத்திக்கொண்டு வந்து அடிப்பார்கள், பிடிப்பார்கள், ஓடுவார்கள். அணி மேலாளர்கள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள். பிறகு தனியாகக் கூடி ஒவ்வொருவராக முறை வைத்து எடுப்பார்கள். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். இதைக் கண்காணிக்க பிளேயர் ஏஜென்ட் என்று ஒருவர் உண்டு. அவர் அந்தப் பிரிவில் தானே ஒரு அணியை நடத்தக் கூடாது என்பது விதி. தராசு பிடிப்பவர் சரக்கு வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

யார் முதலில் எடுப்பது? ஒரு வழி, போன வருடம் கடைசியாக வந்த அணி முதலில் எடுப்பது. மற்றொரு வழி பாம்பு முறை: முதல் சுற்றில் 1, 2, 3, 4 என்று போனால் அடுத்த சுற்றில் 4, 3, 2, 1 என்று திரும்பி வர வேண்டும். முதல் முத்தை எடுத்தவர் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். முன்பு ஏல முறையும் இருந்தது. மேலாளர்களுக்குச் சமமான புள்ளிகள் கொடுத்து, அதை வைத்துப் பையன்களை ஏலம் கேட்கச் செய்வார்கள். ஐபிஎல் ஏலம் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஏலத்தில் நிற்பவருக்குப் பத்து வயது என்பதுதான் வித்தியாசம்.

மேலாளரின் சொந்த மகன், அண்ணன் தம்பிகள் இவர்களுக்குத் தனி விதி. மகனை அப்பா தன் அணியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் குறிப்பிட்ட சுற்றுக்குள் எடுக்க வேண்டும், அதாவது விலை கொடுத்தாக வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் திறமையான மகனை வைத்திருக்கும் அப்பா அவனை இலவசமாக வைத்துக்கொண்டு நல்ல இடங்களில் மற்றவர்களை அள்ளிவிடுவார்.

லிட்டில் லீக்கில் வயதுப் பிரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். முக்கியப் பிரிவான மேஜர் 9 முதல் 12 வரை. அதற்குக் கீழே மைனர், 5 முதல் 11 வரை. ஆக, பத்து வயதுக் குழந்தை இரண்டில் எதிலும் இருக்கலாம். எங்கே போவான் என்பதைப் பெரியவர்கள் தாளில் போட்ட மதிப்பெண் முடிவு செய்கிறது. 12 வயதுக்காரன் வழக்கமாக மேஜரில்தான் இருக்க வேண்டும். திறமை போதாது என்று பெற்றோரின் சம்மதத்தோடும் மேலிட அனுமதியோடும் மைனரில் விட்டால், அங்கே அவன் பந்து வீசக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு அடி படக் கூடாதே என்ற கவலை.

எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டால்? அதற்கும் விதி உண்டு. வழக்கமான ஆட்டங்களில் ஒவ்வொரு குழந்தையும் குறைந்தது தொடர்ச்சியாக ஆறு அவுட் வரை ஃபீல்டிங் நிற்க வேண்டும், ஒரு முறையாவது மட்டை பிடிக்க வேண்டும். எனக்கு மொத்த விதிப் புத்தகத்திலும் மிகவும் பிடித்த விதி இது. ஒரு குழந்தைக்குப் பருவம் முழுக்க ஞாபகம் இருக்கப் போவது டிராஃப்ட்டில் எத்தனையாவது ஆள் என்பதல்ல, ஆடினானா இல்லையா என்பதுதான்.

ஒரு தேதி செய்யும் வேலை

இப்போது மார்ச் 31 கதைக்கு வருவோம். "12 வயது" என்றால் எந்த நாளன்று 12? பல பத்தாண்டுகள் லிட்டில் லீக்கில் ஆகஸ்ட் 1 தான் கோடு. அதற்கு முன் எத்தனை வயது முடிந்திருக்கிறதோ அதுவே அந்தப் பருவத்தின் 'லீக் வயது'. ஜூலை 31 அன்று பிறந்தவனும் மறுநாள் ஆகஸ்ட் 1 அன்று பிறந்தவனும் ஒரே மருத்துவமனையில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிலில் கிடந்திருக்கலாம். ஆனால் ஜூலைக் குழந்தை தன் பிரிவிலேயே சின்னவன். ஆகஸ்ட் குழந்தை ஒரு வருடம் கழித்து அதே பிரிவுக்கு வந்து அங்கே எல்லோருக்கும் அண்ணன்.

ஒரு வருடம்தானே என்று நினைக்கலாம். 9 வயதுக் குழந்தைக்கு ஒரு வருடம் என்பது அதுவரை வாழ்ந்த வாழ்நாளில் ஒன்பதில் ஒரு பங்கு. ஐந்து வயதுக்காரனுக்கு ஐந்தில் ஒரு பங்கு. அந்த வயதில் இரண்டு அங்குல உயரம் என்பது திறமை மாதிரியே தெரியும். உயரமானவன் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குவான். மேஜருக்குப் போவான். நல்ல பயிற்சி கிடைக்கும், அதிக ஆட்டம் கிடைக்கும், நட்சத்திர அணியில் இடம் கிடைக்கும். அடுத்த வருடம் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுவான். கூட்டு வட்டி வேலை செய்யும் விதம் இதுதான். முதலில் கிடைத்த சின்ன அசல், வட்டிக்கு வட்டி போட்டு வளர்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. கனடாவின் ஐஸ் ஹாக்கியில் பிறந்த மாதத்துக்கும் வெற்றிக்கும் உள்ள தொடர்பை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1985-ல் எடுத்துக்காட்டினார்கள். பேஸ்பாலிலும் அதே தடம் இருப்பதை 1991-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2008-ல் கிரெக் ஸ்பைரா என்ற எழுத்தாளர் பெரிய லீக் ஆட்டக்காரர்களின் பிறந்த தேதிகளை அலசினார். 1950-க்குப் பிறகு, அமெரிக்காவில் ஆகஸ்ட்டில் பிறந்த குழந்தை பெரிய லீக்குக்குப் போகும் வாய்ப்பு ஜூலையில் பிறந்த குழந்தையைவிட 50 முதல் 60 சதவீதம் அதிகம் என்று வந்தது. யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து நிர்வாக வசதிக்காகக் குறித்த தேதி, இருபது வருடம் கழித்து யார் தொழில்முறை ஆட்டக்காரர் என்பதுவரை நிழல் விழுத்துகிறது.

தேதியை மாற்றினால் தீருமா? 2006-ல் கோட்டை ஏப்ரல் 30-க்கு நகர்த்தினார்கள். அதனால் கோடையில் 13 ஆகிவிட்டவர்களும் ஆகஸ்ட் உலகத் தொடரில் ஆடினார்கள். பிறகு டிசம்பர் 31 ஆக்கலாம் என்று யோசித்து, கடைசியில் ஆகஸ்ட் 31 என்று முடிவாகி 2018 பருவத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. சாஃப்ட்பாலிலோ அப்போதெல்லாம் டிசம்பர் 31-ஐ வைத்துக் கணக்கிட்டார்கள். ஒரே வீட்டில் ஒரே தேதியில் பிறந்த இரட்டையர்களில் பையன் பேஸ்பாலுக்கும் பெண் சாஃப்ட்பாலுக்கும் போனால் இருவரின் லீக் வயதும் வேறாக இருக்க முடியும்! தேதி நகர்ந்தால் அநீதி போய்விடுவதில்லை. ஜூலைக் குழந்தையின் தோளிலிருந்து ஆகஸ்ட் குழந்தையின் தோளுக்கு இடம் மாறுகிறது.

வழக்கு ஜெயித்தது, வயது முடிந்தது

வயதுக் கோட்டோடு இன்னொரு கோடும் இருந்தது. 1928-ல் இந்தியானா மாநிலத்தின் பிளான்ஃபோர்டு என்ற சுரங்க ஊரில் மார்கரெட் கிசோலோ என்ற பெண் லீஜன் அணியில் ஆடினார். அணி மாநிலப் பட்டமே வென்றது. மறு வருடம் லீஜன் என்ன செய்தது தெரியுமா? பெண்கள் ஆடக் கூடாது என்று விதி போட்டது.

1950-ல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஊரில் கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி பையன் வேடத்தில், 'டப்பி' என்ற பெயரில் தேர்வுக்குப் போய் லிட்டில் லீக் அணியில் இடம் பிடித்தார். பிறகு உண்மையைச் சொன்னபோது பயிற்சியாளர் அவரை வெளியே அனுப்பவில்லை. ஆனால் 1951-ல் லிட்டில் லீக் பெண்களுக்குக் கதவைச் சாத்தியது.

அடுத்தது 1972. நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் ஊரில் 12 வயது மரியா பெப்பே மூன்று ஆட்டங்கள் ஆடினார். அவரை வைத்திருந்தால் உங்கள் லீக்கின் அங்கீகாரம் போய்விடும் என்று மேலிடம் சொன்னது. மரியா வெளியே. தேசியப் பெண்கள் அமைப்பு அவருக்காக வழக்கு தொடுத்தது. 1973 நவம்பரில் மாநிலக் குடிமை உரிமைகள் பிரிவின் விசாரணை அதிகாரி சில்வியா பிரெஸ்லர் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. 1974-ல் லிட்டில் லீக் இறங்கி வந்தது. அந்த டிசம்பரில் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் அமைப்பின் சாசனத்தையே மாற்றியது.

நாடு முழுக்கப் பெண் குழந்தைகளுக்குக் கதவு திறந்தது. மரியாவுக்கு மட்டும் திறக்கவில்லை. வழக்கு முடிந்தபோது அவர் 12 வயதைத் தாண்டிவிட்டார். பெண் என்று ஒரு கோடு தடுத்தது. அது அழிந்த நாளில் வயது என்ற கோடு தடுத்தது. 2004-ல் உலகத் தொடரில் சடங்காக முதல் பந்தை வீச அவரை அழைத்தார்கள். முப்பது வருடம் தாமதமாக வந்த பந்து அது.

அதே 1974-ல் லிட்டில் லீக் பெண்களுக்கென்று சாஃப்ட்பால் பிரிவுகளைத் தொடங்கியது. இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். மட்டையே பிடித்திராத பல சிறுமிகள் மைதானத்துக்கு வந்தது இதனால்தான். பிறகு கல்லூரி உதவித்தொகை, 1996 முதல் ஒலிம்பிக் என்று பெரிய பாதையே அமைந்தது. மறுபக்கம், பேஸ்பாலுக்கு வந்த பெண்ணிடம் "உனக்குத்தான் சாஃப்ட்பால் இருக்கிறதே" என்று சொல்வது சுலபமாகிவிட்டது. சட்டம் திறந்த கதவைப் பழக்கம் பாதி சாத்தி வைத்தது. 2014-ல் பிலடெல்பியாவின் மோனே டேவிஸ் உலகத் தொடரில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி வென்றபோது நாடே ஆச்சரியப்பட்டது. தொடரில் அப்படிச் செய்த முதல் பெண் அவர்தான். நாற்பது வருடம் கழித்தும் அது ஆச்சரியமாக இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழும் வீட்டு முகவரியும்

கோடு இருக்கும் இடத்தில் ஏமாற்றும் இருக்கும். 2001 ஆகஸ்ட் மாதம் நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதி அணிக்காக டேனி அல்மோன்டே என்ற பையன் உலகத் தொடரில் ஒருவரையும் பேஸுக்கு விடாத முழுமையான ஆட்டம் வீசினான். சில நாட்களில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை டொமினிக்கன் குடியரசில் இருந்த பிறப்புப் பதிவைக் கண்டுபிடித்தது. பிறந்தது 1989 அல்ல, 1987. பையனுக்கு 14 வயது.

46 அடித் தூரத்திலிருந்து மணிக்கு 70 மைல் வேகத்தில் வரும் பந்துக்கு, அடிப்பவனுக்குக் கிடைக்கும் நேரம் அரை வினாடிக்கும் குறைவு. பெரியவர்கள் தூரத்தில் அது 92 மைல் வேகத்துக்குச் சமம். 14 வயதுக் கையை 12 வயதுக்காரர்கள் முன் நிறுத்துவது எப்படி என்று இதிலிருந்தே புரியும். அணியின் வெற்றிகள் ரத்தாயின. தந்தைக்கும் அணியை நடத்தியவருக்கும் வாழ்நாள் தடை. பையன் பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்க்கப்படவில்லை என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. தேதியைத் திருத்தியது அவன் இல்லை. ஆனால் இன்றும் அந்த ஏமாற்று அவன் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

வயது மட்டுமல்ல, வீடும் கோடுதான். ஒவ்வொரு லீக்குக்கும் எல்லை உண்டு. அதற்குள் வசிக்கும் அல்லது படிக்கும் பிள்ளைகளே ஆடலாம். 1992-ல் பிலிப்பைன்ஸின் சம்போவாங்கா அணி இறுதியில் 15-4 என்று வென்றது. ஆட்டக்காரர்கள் பலர் அந்த ஊர்க்காரர்களே இல்லை என்று தெரிந்து பட்டம் பறிபோய், கலிஃபோர்னியாவின் லாங் பீச் அணிக்குப் போனது. 1969 முதல் 1996 வரை 17 பட்டங்கள் வென்ற தைவான், எல்லை மற்றும் பள்ளி மாணவர் எண்ணிக்கை பற்றிய விதிகளில் ஒத்துப்போகாமல் 1997-ல் விலகியது. 2003-ல் திரும்பி வந்து, அடுத்த பட்டத்தை 2025-ல்தான் வென்றது. 2014-ல் சிகாகோவின் ஜாக்கி ராபின்சன் வெஸ்ட் என்ற கறுப்பினச் சிறுவர்களின் அணி அமெரிக்கப் பட்டம் வென்று நகரமே கொண்டாடியது. எல்லைக்கு வெளியே இருந்தவர்களைச் சேர்த்ததாக 2015 பிப்ரவரியில் அந்தப் பட்டமும் பறிக்கப்பட்டது.

இந்த எல்லாக் கதையிலும் கவனித்தால் ஒன்று தெரியும். தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் பெரியவர்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தவர்கள் குழந்தைகள்.

கோடு வேண்டாமா?

அப்படியும் சொல்ல முடியாது. கோடே இல்லாத காலத்தில் பத்து வயதுக்காரன் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கைதான் பார்த்தான். வயதை வைத்துக் கோடு போட்டதால்தான் அவனுக்கு மைதானம் கிடைத்தது. நல்ல உதாரணம் 2007-ல் வந்த விதி. அதுவரை பிட்சர் எத்தனை இன்னிங்ஸ் வீசலாம் என்றுதான் கட்டுப்பாடு. ஒரு இன்னிங்ஸில் பத்துப் பந்தும் வீசலாம், நாற்பதும் வீசலாம் என்பதால் அதில் அர்த்தமே இல்லை. வளரும் பிள்ளைகளின் முழங்கையும் தோளும் கெட்டுப்போவதை மருத்துவர்கள் எச்சரித்தபிறகு பந்துகளையே எண்ணத் தொடங்கினார்கள். 10 வயது வரை ஒரு நாளைக்கு 75 பந்து, 11-12 வயதுக்கு 85, 13 முதல் 16 வரை 95. அதற்கு மேல் ஓய்வு நாட்கள். இதுவும் வயதுக் கோடுதான். ஆனால் இந்தக் கோடு யாரையும் வெளியே தள்ளவில்லை. குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே உட்காரவைக்கிறது.

என் பார்வையில் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. 60 அடி பேஸ், ஆறு அவுட் விதி, 85 பந்து, இவை எல்லாம் 'இந்தக் குழந்தைக்கு என்ன தாங்கும்' என்று கேட்டுப் போட்ட கோடுகள். 1951-ன் தடையும், பத்து வயதிலேயே நட்சத்திரம் யார் என்று பிரித்துவிடும் அவசரமும் 'யார் நமக்கு வேண்டாம்' என்று கேட்டுப் போட்டவை. தேதி எதுவாக இருந்தாலும் யாரோ ஒருவர் ஒரு நாள் பின்தங்கத்தான் செய்வார். அதைத் தவிர்க்க முடியாது. அந்த ஒரு நாளை, ஒன்பது வயதிலேயே இறுதித் தீர்ப்பாக மாற்றாமல் இருக்க முடியும். சின்னவனாக இருக்கிற வருடத்திலும் மட்டை கொடுக்க முடியும், மறு வருடம் திரும்பவும் தேர்வு வைத்துப் பார்க்க முடியும்.

ஜூலை 31 அன்று பிறந்து, உயரம் போதாமல், தேர்வில் கடைசியாக எடுக்கப்பட்டு, ஆனாலும் ஆறு அவுட் நின்று ஒரு முறை மட்டை பிடித்த பையன்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்! அவர்கள் பெயர் எந்தச் சாதனைப் பட்டியலிலும் இருக்காது. ஸ்டாட்ஸ் 1938-ல் அந்த மைதானத்தைச் சுருக்கியது அவர்களுக்காகத்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?